தாஸ் தானே எழுதிய முதல் செய்தி: நெய்வேலியில் இரண்டு நாள்

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. விழுப்புரத்தில் இருக்கிறேன். ஒரு அலுவலகத்தின் தொலைபேசிப் பிரிவில் வேலை. ஆறு வயதிலிருந்து பார்வை கிடையாது. விடுமுறை கிடைத்தால் வெள்ளைக்கோலை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவேன். எப்படிப் போனேன், எங்கே முட்டிக்கொண்டேன், எங்கே நல்ல டீ கிடைத்தது என்பதையெல்லாம் என்னைப் போன்றவர்களுக்காக இங்கே எழுதிவைக்கிறேன். இந்தமுறை போனது ஊர் சுற்றுவதற்கு அல்ல.

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. பார்வையில்லாதவர்கள் கணினியும் கைபேசியும் பழக, ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் குழு அது. பேசியது ஒரு பெண்.

“வணக்கங்க. நெய்வேலி டவுன்ஷிப்லேர்ந்து லூர்துமேரி பேசறேன். என் வீட்டுக்காரருக்கு சுகர்ல ரெண்டு கண்ணும் போயிடுச்சு. மைன்ஸ்ல பர்மனென்ட். எட்டு மாசமா மெடிக்கல் லீவு. வர்ற திங்கட்கிழமை லீவு முடியுது. ஆபீஸ்ல வேற வேலை தர்றோம், வாங்கன்னுதான் சொல்றாங்க. இவரு போக மாட்டேங்கறாரு. வேலையே வேணாம்னு எழுதிக்குடுத்துட்டு நின்னுடறேங்கறாரு. கம்ப்யூட்டர் பேசுமாமே, அத யாராவது வந்து இவருக்குக் காட்டுவீங்களா?”

குழுவில் நெய்வேலிக்குக் கிட்டத்தில் இருந்தது நான்தான். சனியும் ஞாயிறும் எனக்கு விடுமுறை. வருகிறேன் என்று பதில் அனுப்பினேன். இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்ட மூன்று பேரும் எழுதச் சொன்ன பிறகே எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு விழுப்புரம் புதுப் பேருந்து நிலையத்தில் கும்பகோணம் பஸ் ஏறினேன். பண்ருட்டி, வடலூர் வழியாகப் போகிறதா என்று கேட்டு ஏறுங்கள். நெய்வேலியில் இறங்க வேண்டிய இடம் ஆர்ச் கேட். கண்டக்டரிடம் சொல்லிவைத்தேன், அவரும் “சொல்றேம்மா” என்றார். என் அனுபவத்தில் பத்துக்கு ஐந்து கண்டக்டர்கள் மறந்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, கூட்டம் அப்படி. அதனால் காதில் எப்போதும் ஒரு இயர்போன் இருக்கும். என் கைபேசியில் உள்ள வரைபடச் செயலி பஸ் போகப்போக ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வரும். யார் யாரோ தங்கள் ஊரையும் தெருவையும் தாங்களே வரைந்து சேர்த்த கட்டற்ற வரைபடம் அது. காசு கிடையாது, நெட்வொர்க் இல்லாத இடத்திலும் பேசும்.

பண்ருட்டிக்கு மட்டும் செயலி தேவைப்படவில்லை. ஜன்னல் வழியாகப் பலாப்பழ வாசனை வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. சுளை விற்கிறவர் பஸ்ஸோடு ஓடிவந்து ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தார். போகிற வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார் என்பது நினைவுக்கு வந்ததால், ஆர்ச் கேட் வருவதற்குள் முழுவதையும் நானே தின்று தீர்த்தேன். இறங்கும்போது மணி எட்டே முக்கால். கண்டக்டர் மறக்கவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

அங்கிருந்து ஆட்டோ. வயதானவர் குரல்.

“எந்த பிளாக்குமா?”

பிளாக் எண்ணும் தெருப் பெயரும் சொன்னேன்.

“கூட யாரும் வர்லியா?”

“இல்லைங்க, நான் மட்டும்தான்.”

டவுன்ஷிப் சாலைகள் அகலமானவை, பள்ளம் இல்லை. மரநிழல் வருவதும் போவதும் முகத்தில் தெரிந்துகொண்டே இருக்கும். சைக்கிள் மணிகள் அதிகம். என் செயலி பிளாக் வரை சரியாகச் சொன்னது, அதற்குமேல் வாயை மூடிக்கொண்டது. குவார்ட்டர்ஸ் எண்களை யாரும் இன்னும் வரைபடத்தில் சேர்க்கவில்லை. ஆட்டோக்காரர் இரண்டு இடத்தில் விசாரித்து, வண்டியை நிறுத்தி இறங்கிவந்து, என் கையைக் கேட்டின் மேல் வைத்தார். “இத்தான் வூடு. உள்ள ஆள் வர்ற வரிக்கும் நான் நிக்கறேன்” என்றார். நூற்று இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார், லூர்துமேரி கதவைத் திறந்த பிறகே போனார்.

அந்த வீட்டில் நான் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்வரை ஆண்குரல் எதுவும் கேட்கவில்லை. ஒரு அறைக்குள் ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. “என்னங்க, விழுப்புரத்துலேர்ந்து மேடம் வந்திருக்காங்க” என்று லூர்துமேரி இரண்டுமுறை கூப்பிட்ட பிறகு, சுவரைத் தடவிக்கொண்டு ஒருவர் வரும் சத்தம் கேட்டது. எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். தாஸ். வயது நாற்பத்தெட்டு.

“உங்களுக்கு வீண் சிரமம். பாக்கறவங்க ஆயிரம் சொல்லிக்குடுப்பாங்க மேடம். எங்களுக்குன்னு இருக்கறது எங்களுக்குத்தான் தெரியும்” என்றார்.

“நானும் பார்க்கறவ இல்லைங்க.”

லூர்துமேரி இதை அவரிடம் சொல்லவே இல்லையாம். சொல்லியிருந்தால் வர வேண்டாம் என்றிருப்பாராம்.

“எப்படி வந்தீங்க?” என்றார் கடைசியில். பஸ், ஆட்டோ, செயலி எல்லாவற்றையும் சொன்னேன். பலாச்சுளை விஷயத்தையும் சொன்னேன். அப்போதும் சிரிக்கவில்லை.

குழுவிலிருந்து கொண்டுபோன பழைய லேப்டாப்பைத் திறந்தேன். அதில் இருப்பது கட்டற்ற ஸ்கிரீன் ரீடர், திரையில் உள்ள எழுத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருள். முதலில் என் மெயிலைப் பார்த்துவிடலாம் என்று, நான் வழக்கமாகக் கேட்கும் வேகத்தில் ஓடவிட்டேன். பழகாதவர்களுக்கு அது பேச்சாகவே கேட்காது. லூர்துமேரி “அய்யோ, என்னங்க இது, டேப்பு சிக்கிக்கிச்சா?” என்றார்.

“மெயிலு. யாரோ மீட்டிங் தள்ளிவெச்சிட்டாங்கன்னு சொல்லுது. கரெக்டா?” என்றார் தாஸ்.

கரெக்டுதான். நான் பழகுவதற்கு ஓராண்டு ஆன வேகம் அது. எப்படிப் புரிந்தது என்று கேட்டேன்.

“கன்வேயர் பெல்ட் கண்ட்ரோல் ரூம்ல பத்தொம்பது வருஷம். ரெண்டு வாக்கிடாக்கி, ஒரு போன், பக்கத்துல ஒருத்தன். எல்லாம் ஒரே நேரத்துல கத்தும். எது நம்ம பெல்ட்டுக்குன்னு பிரிச்சி எடுக்கணும்.” முதல்முறையாக அவர் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

பாதி வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அது தவறு. காது தயாராக இருந்தது, விரல் தயாராக இல்லை. கண்ணால் பார்த்து இரண்டு விரலில் தட்டிப் பழகியவர், இப்போது ஒவ்வொரு விசைக்கும் கீபோர்டைத் தடவினார். எஃப், ஜே விசைகளில் இருக்கும் சின்ன மேட்டைக் காட்டி, அங்கிருந்து எண்ணச் சொன்னேன். தன் பெயரை அடித்தார். மென்பொருள் அதை ‘தாளம்’ என்பதில் வரும் வல்லின ‘தா’ போட்டு வாசித்தது.

“என் பேரக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியலியே இதுக்கு.”

நம் எழுத்தில் இரண்டு ஒலிக்கும் ஒரே ‘தா’, கணினி என்ன செய்யும்? அதன் அகராதியைத் திறந்து, இந்தச் சொல் வந்தால் இப்படி ஒலி என்று பதிந்து காட்டினேன். அடுத்தமுறை சரியாகச் சொன்னது.

“நாமளே மாத்தலாமா? கம்பெனிக்காரன் கேக்க மாட்டானா?”

“இதுக்கு கம்பெனி முதலாளின்னு யாரும் கிடையாதுங்க. பார்வை இல்லாதவங்களும் சேர்ந்து எழுதினது. உள்ள எப்படி எழுதியிருக்குன்னு யார் வேணா திறந்து பாக்கலாம், திருத்தலாம், அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம்.”

கேட்டுக்கொண்டார். ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வரி அடிக்க அரைமணி நேரம் ஆனது. அடித்ததில் பாதி அழிந்துபோனது. லேப்டாப்பை மூடிவிட்டார். “போதும் மேடம். திங்கட்கிழமை என்னைக் கொண்டுபோய் ஒரு சேர்ல பொம்மை மாதிரி உக்கார வெப்பாங்க. எல்லாரும் நல்லவங்கதான், டீ வாங்கிக் குடுப்பாங்க. அந்தச் சம்பளம் எனக்கு வேணாம்.” எழுந்து உள்ளே போய்விட்டார்.

லூர்துமேரி அடுப்படியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் லூர்துமேரி மாதா கோயிலில் பாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பினார். கேட் சாத்தப்படும் சத்தம் கேட்ட பிறகு தாஸ் வெளியே வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மேரிக்குத் தெரியாது. உங்ககிட்ட சொல்றேன்” என்று ஆரம்பித்தார்.

கண் மங்க ஆரம்பித்ததை அவர் ஐந்து மாதம் மறைத்திருக்கிறார். பேனலில் விளக்கு எரிகிறதா என்று தெரியாதபோது, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கலாம். கேட்டால், “எரியுதே, தெரியலியா?” என்பார். அதனால் கேட்காமல் உத்தேசமாக ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் நின்றிருந்த பெல்ட்டுக்கு ஸ்டார்ட் கொடுத்துவிட்டார். அதன் வால்பகுதியில் ஒருவர் மண் வழித்துக்கொண்டிருந்தார். செல்வம், கான்ட்ராக்ட் தொழிலாளி. எச்சரிக்கைச் சங்கு ஊதியதும், பெல்ட்டை நிறுத்தும் கயிற்றை இழுத்துவிட்டுக் குதித்திருக்கிறார். முழங்கால் தோல் போனதோடு தப்பித்தார்.

“அன்னிக்கே போய் இன்சார்ஜ்கிட்ட சொல்லிட்டேன், எனக்குக் கண்ணு தெரியல, தப்பு என்னோடதுன்னு. ஆனா செல்வத்துகிட்ட போய் நிக்கல. ஒரு நாள்கூட போகல. போன் பண்ணணும்னா மேரிதான் நம்பர் போடணும். மெசேஜ்னா மேரிதான் எழுதணும். அவளை வெச்சிக்கிட்டு என்னன்னு சொல்றது? ‘ஒரு ஆளைக் கொல்லப் பாத்தேன், எழுதுடி’ன்னா?”

எட்டு மாதமாக இவருக்குக் கதவை அடைத்தது கண் மட்டும் இல்லை. பார்வை போனவரின் வாழ்க்கையில் முதலில் காணாமல்போவது அந்தரங்கம். கடிதம், குறுஞ்செய்தி, டாக்டர் சீட்டு, எல்லாவற்றையும் இன்னொருவர்தான் படித்துச் சொல்ல வேண்டும். அன்பாகத்தான் படிப்பார்கள், ஆனால் படித்துவிடுவார்கள்.

“உங்க பழைய போன் எங்க இருக்கு?” என்று கேட்டேன்.

அலமாரியில் எட்டு மாதமாக அணைந்து கிடந்ததை எடுத்துவந்தார். சார்ஜ் ஏற்றி, அதிலேயே இருக்கும் ஸ்கிரீன் ரீடரை இயக்கி, தமிழ்க் குரலும் கட்டற்ற தமிழ் விசைப்பலகை ஒன்றும் ஏற்றினேன். திரையில் விரலை நகர்த்தினால் கீழே உள்ள எழுத்தைச் சொல்லும், வேண்டிய எழுத்தில் விரலை எடுத்தால் அது பதிவாகும். கீபோர்டைவிட இது அவருக்குச் சுலபமாக வந்தது. லூர்துமேரி திரும்பிவரும்வரை விரலை ஓட்டிக்கொண்டே இருந்தார்.

ஞாயிறு காலை லூர்துமேரி பூசைக்குப் போனார். தாஸுக்கு என் இயர்போனைக் கொடுத்தேன். யாருக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. “முடிஞ்சதும் கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வாசல்படியில் போய் உட்கார்ந்தேன். எதிர்வீட்டில் யாரோ வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். ஷிப்ட் பஸ் ஒன்று போனது. உள்ளே நீண்ட நேரம் சத்தமே இல்லை. ஒருமுறை மட்டும் நாற்காலி நகர்ந்தது, எழுந்துவிட்டாரோ என்று பயந்தேன். திரும்ப உட்கார்ந்தார்.

கதவைத் திறந்து “அனுப்பிட்டேன்” என்றார். அவ்வளவுதான்.

லூர்துமேரி கோயிலிலிருந்து வந்ததும், “மேரி, இங்க வந்து உக்காரு” என்று உள்ளே கூப்பிட்டுப் போனார். அவர்கள் பேசியது என் காதில் விழாத தூரத்துக்கு, தோட்டப்பக்கம் நகர்ந்துபோனேன். பிறகு வெளியே வந்த லூர்துமேரி என் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார்.

மதியம் சாப்பாட்டுக்கு உட்காரும்போது வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது.

“தாஸண்ணே.”

தாஸ் கையில் இருந்த தட்டை லூர்துமேரி வாங்கிக்கொண்டார். வந்தவர் உள்ளே வந்தார், உட்காரவில்லை.

“செல்வமா?” என்றார் தாஸ்.

“ஆமாண்ணே. மந்தாரக்குப்பத்துல வண்டி ஓட்டிகினு இருக்க சொல்ல மெசேஜ் வந்துச்சு. ஓரங்கட்டிட்டுப் படிச்சேன். இன்னொருவாட்டி படிச்சேன்.” மூச்சு வாங்கினார். “எனக்குக் கோவந்தாண்ணே. பொய் சொல்லல. அந்தச் சங்கு சத்தம் கேட்டா இன்னும் கால் நடுங்குது. கண்ணு தெரியலன்னா நீங்க மின்னாடியே சொல்லியிருக்கணும்.”

“சொல்லியிருக்கணும் செல்வம்.”

“எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்கண்ணே.”

“தெரியும்பா.”

அதற்குமேல் தாஸ் காரணம் எதுவும் சொல்லவில்லை. செல்வம் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

“ஆர வெச்சு எழுதினீங்க?”

“நானேதான் எழுதினேன்.”

“நெனச்சேன். எத்தினி தப்பு! எம்பேர்லயே தப்பு. வேற ஆராச்சும் எழுதியிருந்தா ஒழுங்கா இருந்திருக்கும். நான் வந்திருக்கவும் மாட்டேன்.”

தாஸ் அழுதார். அவர் அழுவதை யாரும் நிறுத்தவில்லை. லூர்துமேரி செல்வத்துக்கும் ஒரு தட்டு வைத்தார். வேண்டாம் என்றவர் டீ மட்டும் குடித்தார். கிளம்பும்போது, “நாளைக்கு டூட்டிக்கு வர்றீங்களாண்ணே?” என்று கேட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்ற குரல் அல்ல அது. தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி. தாஸ் “வர்றேன்” என்றார்.

நான் நாலு மணிக்குக் கிளம்பினேன். லேப்டாப்பை அங்கேயே விட்டுவந்தேன். தாஸ் என் வெள்ளைக்கோலை ஒருமுறை வாங்கி, மடித்து விரித்துப் பார்த்துவிட்டு, இது எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்.

மூன்று வாரம் கழித்துப் போன் செய்தார், தானே எண்ணைப் போட்டு. குடியிருப்புகளிலிருந்து தண்ணீர், கரண்ட் புகார்கள் வரும் தொலைபேசியில் உட்காருகிறாராம். கேட்டதைக் கணினியில் ஏற்ற வேண்டும். கேட்பதில் தகராறே இல்லை, தட்டுவதுதான் இன்னும் மெதுவாக வருகிறதாம். புகாரை ஏற்றும் மென்பொருளில் சில பொத்தான்களை ஸ்கிரீன் ரீடர் வெறும் ‘பொத்தான், பொத்தான்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பல அலுவலகங்களில் இருக்கும் தொல்லைதான். எங்கள் குழுவிலிருந்து திண்டுக்கல் நண்பர் ஒருவர் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லும்படி சின்ன நிரல் எழுதிக்கொடுத்திருக்கிறார். பக்கத்து இருக்கைக்காரருக்குப் பொறுமை போய்விடும் நாட்களும் உண்டு என்றார். செல்வத்தைப் பற்றிக் கேட்டேன். “பாத்தா பேசுவான். பழையபடி இல்ல. பேசறான், அது போதும்” என்றார்.

நெய்வேலிக்குத் தனியாகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். விழுப்புரத்திலிருந்து காலை பஸ் பிடித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆர்ச் கேட். டவுன்ஷிப்பில் முகவரி சொல்லும்போது பிளாக், தெரு, குவார்ட்டர்ஸ் எண் மூன்றும் வேண்டும். உள்ளே தூரம் அதிகம், வெயிலில் நடக்க வேண்டாம். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொண்டு போங்கள். நான் போன தெருவின் எண்களை இப்போது வரைபடத்தில் சேர்த்துவிட்டேன், அந்தத் தெருவுக்குப் போகிறவர்களுக்குச் செயலி வீட்டு வாசல் வரை பேசும். மற்ற தெருக்களுக்கு அங்கிருப்பவர்கள் யாராவது மனது வைக்க வேண்டும்.

புதிதாகப் பார்வை இழந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். அவசரப்படாதீர்கள். கணினி வரவில்லை என்றால் கைபேசியில் தொடங்குங்கள். முதலில் மென்பொருளை அவர் பெயரைச் சரியாகச் சொல்ல வைத்துவிடுங்கள். லேப்டாப்பை மறந்தாலும் பரவாயில்லை, இயர்போனை மறக்காமல் எடுத்துப் போங்கள். ஸ்பீக்கரில் பேசினால் வீடே கேட்கும். தடுமாறித் தடுமாறி அவர் எழுதத் தொடங்கியதும், சரியாக எழுதியிருக்கிறாரா என்று பார்க்கத்தான் நமக்குக் கை பரபரக்கும். பார்க்காதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.